பெண்கள் துறையில் உச்சிவேளை

பெண்கள் துறையிலிருந்து வரும் சத்தத்தில் எது சிரிப்பு, எது கூக்குரல் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவருக்கு எப்படித் தெரியும்? பல நாள் இதை யோசித்துவிட்டேன். துறையின் மேல்படியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மற்றவர்கள் குளிப்பதைக் காதால் மட்டும் கேட்டும் பார்த்திருக்கிறேன். சில சமயம் தெரிவதுபோல இருக்கும். உடனே ஒருத்தி தண்ணீரை வாரி இறைப்பாள், இன்னொருத்தி வீறிடுவாள், தெரிந்தது போய்விடும்.

எங்கள் குளத்துக்கு ஒரு பக்கம் உயர்ந்த கரை. கரைமேல் வண்டி போகிற அகலத்தில் பாதை. பாதைக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் வயல். பாதை எங்கள் தெருவை நெருங்கும் இடத்தில், தாழம்புதர் மறைவில், பெண்கள் துறை இருக்கிறது. ஆண்கள் துறை எதிர்க்கரையில். பெண்கள் துறைக்கு மேலே நடக்க நேர்ந்தால் ஆண்கள் ஒரு தடவை இருமுவார்கள். பிறகு முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு, தாழை முடிகிறவரை அப்படியே போவார்கள். இதை யாரும் சொல்லிக்கொடுத்துக் கேட்டதில்லை. தகப்பன் விரலைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடக்கிற ஆண்குழந்தைகூட அந்த இடம் வந்ததும் முகத்தைத் திருப்பும்.

என் வீட்டுக்காரர் இதில் மற்றவர்களைவிட ஒரு படி மேல். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர். கையில் எப்போதும் குடை. மழையில்லை, வெயிலில்லை என்றாலும் அந்த இடம் வந்தால் குடையை விரித்துத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்துக்கொள்வார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் எனக்குக் கல்யாணம். வந்த புதிதில் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, கரைமேல் ஒரு கறுப்புக் குடை சாய்ந்தவாறு மிதந்து போவதைப் பார்ப்பேன். முகம் தெரியாது. வேட்டிக் கரையும் செருப்பும் மட்டும் தெரியும். பக்கத்தில் நிற்கிறவர்கள், "ஏட்டி, ஒன் குடை போகுது பாரு" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்கவே நான் சாயங்காலக் குளியலுக்கு நேரம் பார்த்துப் போனதுண்டு. குடை மறைந்த பிறகும் வயல்மேல் அதன் நிழல் கொஞ்ச நேரம் நிற்பதாக எனக்குத் தோன்றும்.

அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். அதோடு குளம் எனக்கு வேறாகிவிட்டது. இரவில் குளம் எழுந்து, தாழம்புதரை விலக்கிக்கொண்டு, தெருவில் நடந்து வருவதாகக் கனவு காண்பேன். சத்தமே இருக்காது. வீட்டு நடையில் ஏறி, ஈரக் காலோடு நின்று, தொட்டில் எங்கே என்று பார்க்கும். விழித்துக்கொண்டு எழுந்துபோய் வாசல் கதவைத் தள்ளிப் பார்ப்பேன். தாழ் போட்டுத்தான் இருக்கும். படுத்த பிறகு, போட்டிருந்ததா என்று மறுபடி சந்தேகம் வரும். நாகர்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் பாரம் வரை படித்தவள் நான். படித்ததில் ஒன்றும் இதற்கு உதவவில்லை.

மகளுக்கு நாலு வயதிருக்கும்போது என் கொழுந்தனுக்குக் குழித்துறைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்தார்கள். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். பேச்சு பாட்டுப்போல இழுபடும். தண்ணீரை வெள்ளம் என்பாள், போதும் என்பதற்கு மதி என்பாள். என் மாமியார் அவளுக்கு ஆத்துக்காரி என்று பெயர் வைத்தார். அவள் வந்த மூன்றாம் நாள் என்னோடு துறைக்கு வந்தாள். நான் வழக்கம்போல இரண்டு படி இறங்கி, செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"எக்கா, இது என்ன, வெள்ளத்துக்கு அபிஷேகமா, ஓங்களுக்கா?"

"எனக்குத்தான். நீந்தத் தெரியாது."

"இத்தற பெரிய குளத்தை வச்சிக்கிட்டா? எனக்க ஊர்ல பொம்பளையளு எல்லாம் நீந்துவினும். பிள்ளையளு நடக்கியதுக்கு முன்னே நீந்தும்."

அவள் நீந்திக் காட்டவில்லை. புது மருமகள் அல்லவா. கழுத்தளவு வரை இறங்கிவிட்டு ஏறிவிட்டாள். அவள் கண் மட்டும் நடுக்குளத்து அல்லிக்குப் போய்த் திரும்பியதைப் பார்த்தேன்.

அடுத்த வருஷம், ஒரு சனிக்கிழமை உச்சிவேளை. எங்களுக்கு அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்திருந்த பெண் துணி அலசப் போயிருக்கிறாள். கூடவே எங்கள் தெருச் சிறுமிகள் இருவர். பாசிப்படியில் அவள் கால் வழுக்கிவிட்டது. எங்கள் துறையில் நாலாவது படிக்குக் கீழே படியே கிடையாது, நேரே ஆழம். சிறுமிகள் வீறிட்டிருக்கிறார்கள். அந்த நேரம் கரைமேல் தபாலாபீசிலிருந்து வந்துகொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். இருமினார். குடையைச் சாய்த்தார். முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு, அந்த வீறலுக்கு மேலாகவே நடந்து போய்விட்டார்.

அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி என் ஓரகத்தி, அந்த ஆத்துக்காரி, அழுக்குத்துணிக் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். கூடை எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. சேலையை உருவிப் படியில் போட்டுவிட்டு, ரவிக்கையும் பாவாடையுமாகக் குளத்தில் சாடினாள். புதுப்பெண்ணின் முடியைப் பிடித்து இழுத்து வந்து படியில் கவிழ்த்துப் போட்டாள்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனபோது எல்லாம் முடிந்திருந்தது. புதுப்பெண் இருமிக்கொண்டிருந்தாள். மூக்கிலிருந்து பச்சைத் தண்ணீர் வழிந்தது. என் ஓரகத்தி அவள் முதுகைத் தடவியபடி, "மதி, மதி, இனி ஒண்ணும் இல்ல" என்று தாலாட்டுப்போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். குளம் ஒன்றும் நடக்காததுபோல வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது.

"எப்படி ஒனக்குத் தெரிஞ்சுது?" என்று பிற்பாடு கேட்டேன்.

"தெரியல்ல எக்கா. காலு ஓடிச்சு."

அடுத்த வீட்டிலிருந்து அன்று சாயங்காலமே ஒரு தாம்பாளத்தில் தேங்காயும் பழமும் வந்தன. மறுநாள் பேச்சு வந்தது. முங்கினவளை எடுத்தது யார் என்பதைத் தெரு மறந்துவிட்டது. சேலை எந்தப் படியில் கிடந்தது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே பேச்சு. மாமியார் என்னிடம் முறையிட்டார்.

"குடும்பத்துல பொறந்த பொம்பள இப்படிச் சாடுவாளாட்டி?"

"சாடலைன்னா அந்தப் பொண்ணு போயிருக்குமே அத்தை."

"அதுவும் சரிதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இருந்தாலும் சேலையோட சாடிருக்கலாம்" என்றார்.

என் வீட்டுக்காரர் அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை. "கேட்டேன்" என்றார். "சிரிக்காங்கன்னு நினைச்சேன். எப்பவும் கேக்க சத்தம்தானே." அவர் செய்தது அவருடைய தகப்பனாரும், அவருக்கு முந்தினவர்களும் செய்தது. அவர் எட்டிப் பார்த்து, அது வெறும் சிரிப்பாக இருந்திருந்தால், அந்தப் பெயர் அவரை விட்டு எந்த ஜன்மத்தில் போகும்? மோரை எடுத்து ஊற்றினேன். அது சரியா, ஏதாவது பேசியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து என் ஓரகத்தி வீடு வீடாகப் போனாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அடுக்களை வாசலில் நின்று, "உச்சைக்குத் துறைக்கு வாங்க. நீந்தப் படிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். மாமியார் கேட்டதற்கு, "பருப்புக்கு வெள்ளரிக்கா வாங்கப் போனேன் அத்தை" என்றாள். வெள்ளரிக்காயும் கையில் இருந்தது.

முதலில் வந்தவள் அடுத்த வீட்டுப் புதுப்பெண். பயந்தவள் வரமாட்டாள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். ஓரகத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். பிறகு ஒருத்தி வேடிக்கை பார்க்க வந்து இறங்கினாள். இறங்கினவளைக் கேலி செய்ய வந்த இன்னொருத்தியும் இறங்கினாள். உரிக்காத காய்ந்த தேங்காய் இரண்டை எடுத்து, மட்டையில் கொஞ்சம் நார் உரித்து, ஒன்றோடொன்று முடிந்து நெஞ்சுக்கு அடியில் கொடுப்பாள் என் ஓரகத்தி. அதன்மேல் கிடந்து பெண்கள் கையைக் காலை அடிப்பார்கள்.

"ஏட்டி, தவளைக்கா வாக்கப்படப் போறே?"

"தவளைன்னா தேவலயே, இந்த மனுசனுக்கு வாக்கப்பட்டாச்சே!"

உச்சிவெயிலில் ஊர் உறங்கும். வயலில் கொக்கு உறங்கும். தாழையின் நிழல் தண்ணீரில் உறங்கும். அந்த உறக்கத்துக்கு நடுவில் இந்தப் பெண்களின் தலைகள் மட்டும் தண்ணீரில் மெல்ல நகர்வதைப் பார்க்கும்போது, இவர்களை எனக்கு முன்பின் தெரியாதோ என்று இருக்கும். அடுக்களையில் பார்க்கிற அதே முகங்கள்தான். தண்ணீரில் அவற்றுக்கு வயதே இல்லை.

ஊரில் முணுமுணுப்பு எழாமல் இருக்குமா? கோயில் நடையில் நாலு பெரியவர்கள் என் வீட்டுக்காரரை நிறுத்தி, "என்ன சாரே, ஓம்ம வீட்டுப் பொண்ணு ஊர்ப் பொண்ணுவளை எல்லாம் மீனாக்கப் போறாளாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் அதிகம் பேசாதவர். "நான் முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் போவேன். நீங்களும் அப்படித்தான் போவீங்க. அப்போ தண்ணிக்குள்ள ஒருத்திக்காவது நீந்தத் தெரியணுமில்லா?" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

அதோடு அவர் வேறொரு பழக்கத்தையும் வைத்துக்கொண்டார். கரைமேல் வரும்போது இருமிவிட்டு, குடையைச் சாய்த்துவிட்டு, வயலைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்லியே?" என்று உரக்கக் கேட்பார். துறையிலிருந்து ஒரே குரலாகப் பதில் போகும்: "ஒண்ணுமில்ல சாரே, நீங்க போங்கோ!" கூடவே ஒரு சிரிப்பு. முதலில் இது பெரிய கேலியாக இருந்தது. பிறகு வேறு சிலரும் கேட்க ஆரம்பித்தார்கள். இப்போது எங்கள் ஊரில் இருமல் போய் "ஒண்ணுமில்லியே" வந்துவிட்டது.

எனக்குத் தையல் தெரியும். பள்ளிக்கூடத்தில் கற்றது. ஈரச்சேலை காலைச் சுற்றிப் பிடிப்பதால்தான் பெண்களால் நீந்த முடியவில்லை என்று கண்டு, அவருடைய பழைய வேட்டிகளைக் கிழித்து முழங்கால் வரை அரைக்கால்சட்டைபோல ஒரு சல்லடமும், மேலே தொளதொளத்த சட்டையும் தைத்தேன். தைத்ததைக் கொல்லைக் கொடியில் காயப்போட்டது என் புத்திக்குறைவு. மாமியார் ஒரு கம்பால் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருக்குட்டி இந்தக் கோவணம்?"

ஓரகத்தி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "எல்லாருக்கும்தான் அத்தை. ஓங்களுக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லட்டா?"

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பை ஓங்கியபடியே சிரித்தார். ஆனால் அன்றிரவு விளக்கேற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது சிரிப்பில்லை.

"அவ ஆத்துக்காரி, அவ இஷ்டம். எம் பேத்தி வேண்டாம். நீந்தத் தெரிஞ்சவதான் மக்கா ஆழத்துக்குப் போவா. தெரியாதவ படியில நிப்பா. நான் படியில நின்னே இத்தன வருஷம் இருந்துட்டேன் பாத்துக்கோ."

அதுவும் உண்மைதான். நடுக்குளம் வரை போகிறவர்களை நான்தான் தினமும் பார்க்கிறேனே. மேல்படியில் மகளை மடியில் இறுக்கிக்கொண்டு, எல்லோருடைய துணிக்கும் காவலாக உட்கார்ந்திருப்பேன். மகள் திமிறுவாள். "எக்கா, பிள்ளையத் தாங்க" என்று ஓரகத்தி கை நீட்டுவாள். என் கை விடாது.

அப்புறம் ஒரு நாள், பிள்ளையைக் கொடுக்க முடியாவிட்டால் நானாவது இறங்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. மகளைப் புதுப்பெண்ணிடம் விட்டுவிட்டு இறங்கினேன். தேங்காய் கொடுக்கவில்லை ஓரகத்தி. என் தலைக்கு அடியில் ஒரு கை, முதுகுக்கு அடியில் ஒரு கை.

"ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா கெடந்தா மதி. வெள்ளம் தாங்கிக்கிடும்."

சும்மா கிடப்பது எனக்குத் தெரிந்த காரியம் இல்லை. அடுப்பில் பால் இருக்கிறதா, கதவு சாத்தினேனா, மகள் எங்கே என்று மனசு ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்தது. ஒவ்வொன்றுக்கும் உடம்பு அமிழ்ந்தது. பிறகு காது தண்ணீருக்குள் போயிற்று. எல்லாச் சத்தமும் ஒரேயடியாக நின்றது. என் மூச்சு மட்டும், பக்கத்து அறையில் யாரோ உறங்குவதுபோலக் கேட்டது. மேலே வானம். அதன் ஓரத்தில் தாழையின் முள். வேளிமலைப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்தது. அது நகர்கிறதா, நான் நகர்கிறேனா தெரியவில்லை. எப்போது கையை எடுத்தாள் என்றும் தெரியாது. வெகு தூரத்திலிருந்து, வேறொரு ஊரிலிருந்துபோல, மகள் அம்மா அம்மா என்று கூப்பிடுவது கேட்டது. பயம் வரவில்லை. அவள் பிறந்த பிறகு அவள் குரலைக் கேட்டு நான் பயப்படாத நேரம் அது ஒன்றுதான்.

அந்தத் தைரியத்தில், மறுநாள் மகளை ஓரகத்தியின் கையில் கொடுத்துவிட்டேன். உள்ளங்கையில் அவளைக் கிடத்தித் தண்ணீரின்மேல் பிடித்தாள். மகள் கண்ணைச் சிமிட்டாமல் வானத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் காய்ச்சல்தான். குளத்தையே பார்க்காத பிள்ளைகளுக்கும் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் உடம்பு கொதிக்கிற குழந்தையை மடியில் வைத்திருக்கும்போது தெரிந்தது எதுவும் கூட இருப்பதில்லை. மாமியார் முத்தாரம்மன் திருநீறைக் கொண்டுவந்து அவள் நெற்றியில் பூசிவிட்டு, என் கையைப் பிடித்தார். "இனி இவளைத் தண்ணியில விடமாட்டேன்னு சொல்லு மக்கா" என்றார். சொன்னேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. வாக்கு விடவில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மகளுக்கு இப்போது ஏழு நடக்கிறது. நாங்கள் சென்னை ராஜ்யத்தோடு சேருவோமா, மலையாளத்தோடு இருப்போமா என்று ஆண்கள் பேசுகிற பேச்சில் உச்சிவேளைத் துறையை ஊர் மறந்தேவிட்டது. பெண்கள் போகிறார்கள், வருகிறார்கள். நானும் இறங்குகிறேன். நீந்தவும் கொஞ்சம் வரும். மகள் மேல்படியில், வேறு யார் மடியிலாவது உட்கார்ந்து பார்க்கிறாள்.

இதுவரை சொன்னதை நான் எழுதியே இருக்கமாட்டேன், போன வாரம் ஒன்றைப் பார்க்காமல் இருந்திருந்தால். மத்தியானம் உறங்கி எழுந்து பார்த்தபோது பக்கத்தில் மகளைக் காணவில்லை. பதறிக்கொண்டு போனேன். பக்கத்து அறைக்குள் சிமெண்டுத் தரையில் குப்புறக் கிடந்தாள். கையை முன்னால் நீட்டி, அகட்டி, இழுத்தாள். காலை மடக்கி உதைத்தாள். தலையை ஒரு பக்கம் திருப்பி மூச்சு வாங்கினாள். ஒரு வருஷம் படியில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்றைக்கூட அவள் விடவில்லை.

"என்ன மக்கா செய்யே?"

"நீந்துகேன். எனக்கு நல்லா வரும்மா. சித்திய விட வேகமா வரும்."

அவள் நம்புகிறாள். விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தனக்கு நீந்தத் தெரியும் என்று நம்புகிறாள். தெரிந்தவள் ஆழத்துக்குப் போவாள், தெரியாதவள் படியில் நிற்பாள் என்றார் மாமியார். தெரியாமலே தெரியும் என்று நினைக்கிறவள் எங்கே நிற்பாள்?

மாமியாரிடம் இதைச் சொன்னேன். கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்தார். பிறகு, "துறைக்கே கூட்டிட்டுப் போகாதே. மறந்துருவா" என்றார். பள்ளிக்கூடம் போகிற வழி முழுக்கக் குளக்கரை. என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "அம்மாகிட்ட வாக்குக் கொடுத்தது நீ. எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். ஓரகத்தி மட்டும், "எனக்கு ஒரு மாசம் மதி எக்கா" என்கிறாள். ஆனால் கொழுந்தனுக்குத் திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகிவிட்டது. சித்திரை பிறந்ததும் அவள் போய்விடுவாள். புதுப்பெண்ணுக்கு இது ஏழாம் மாதம். குழந்தையைத் தாங்குகிற அளவுக்கு என் கையில் இன்னும் பலமில்லை.

மாமியாரை ஏமாற்றிவிட்டுச் செய்ய எனக்கு மனமில்லை. அவருடைய பயத்தில் பாதி என்னுடையதும்தான். காய்ச்சலில் கொடுத்த வாக்கை அவரிடமே திருப்பிக் கேட்கலாமா? கேட்பதென்றால் எந்த வார்த்தையில் கேட்பது? இதைப் படிக்கிறவர்களில் ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ பெண்குழந்தையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். நீங்கள் உங்கள் பெண்ணை முதன்முதலில் தண்ணீரில் விட்டபோது வீட்டுப் பெரியவர்களிடம் என்ன சொன்னீர்கள்? சொல்லிவிட்டு விட்டீர்களா, விட்டபிறகு சொன்னீர்களா? தயவுசெய்து இந்தப் பத்திரிகைக்கே எழுதுங்கள். பங்குனி பிறப்பதற்குள் எழுதினால் நல்லது.